கொஞ்ச நாளைக்கு ஒரு மகள்

மார்ச் 4, செவ்வாய்

காலை ஷிப்ட். மார்க்கெட் நிறுத்தத்தில் ஒரு ஆள் பெரிய ஏணியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற வந்தார். "ஏணிக்கும் சேத்து டிக்கெட் எடுத்துக்கறேன்" என்றார், ஏதோ எனக்குச் சலுகை தருவது போல. ஏற்றவில்லை. கதவு மூடும்வரை திட்டினார். நான் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வண்டியை எடுத்தேன். திட்டுகிறவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வண்டி எடுத்தால் எங்காவது இடித்துவிடும்.

மாலையில் நானும் இவரும் முதல் வகுப்புக்குப் போனோம். குழந்தைகள் நல அலுவலகத்தின் மாடி அறை. பெற்றவர்களோடு இப்போதைக்கு இருக்க முடியாத பிள்ளைகளைக் கொஞ்ச காலம் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்க முன்வருகிறவர்களுக்கான வகுப்பு. நடத்துகிற அதிகாரி நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். ஒவ்வொருவரிடமும், "உங்ககிட்ட என்ன இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டார். எல்லோரும் அன்பு, பாசம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

"அன்பு எல்லார்கிட்டயும் இருக்கு. அது தீந்து போற அன்னிக்கு என்ன கையில வெச்சிருக்கீங்க?" என்றார் அதிகாரி.

என் முறை வந்தது. "பின்னாடி பஸ் நிறைய ஜனம் கத்தினாலும் நான் ரோட்டத்தான் பாப்பேன்" என்றேன். சிரித்துவிட்டார். இவரைக் கேட்டார். இவர் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவர், புது ஆட்கள் முன்னால் வாயே திறக்க மாட்டார். இவர் சொன்னது: "'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா'ன்னு கேட்டுட்டே இருப்பேன். அவங்களா சொல்ற வரைக்கும் நான் சொல்ல மாட்டேன்."

பெருமையாக இருந்தது. வெளியே வந்ததும் கேட்டேன்: "இதையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

எங்களால் முடியும். ஒரு பையனை வளர்த்து ஆளாக்கி, கப்பல் இன்ஜின் அறை வேலைக்கு அனுப்பியவர்கள் நாங்கள்.

மார்ச் 13, வியாழன்

அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார். பையனின் அறை, ஜன்னல், மருந்து வைக்கும் இடம், மாடிப்படி. பிறகு உட்கார்ந்து கேட்டார்: "கோபம் வந்தா என்ன செய்வீங்க?"

"எனக்குக் கோபமே வராதுங்க" என்றேன்.

டீ கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படிச் சொல்றவங்க வீட்டுக்குத்தான் நான் பிள்ளைய அனுப்பறதில்ல."

இவர் தலையைக் குனிந்து சிரிக்கிறார்! அசடு வழிய, மறுபடி யோசித்துச் சொன்னேன். வரும். வந்தால் ரெண்டு கையையும் ஸ்டீரிங்கில் அழுத்தி வைத்துக்கொள்வேன், கைக்கு ஒரு வேலை கொடுத்துவிடுவேன், வாய் தானாக அடங்கும். "வீட்ல ஸ்டீரிங் இல்லையே?" என்றார். "பாத்திரம் கழுவுவேன்." அதை எழுதிக்கொண்டார்.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா போனில்: "உனக்கு எதுக்குடி இந்த வேலை? வளத்து வளத்துத் திருப்பிக் கொடுக்கறதுக்கா?"

ஆமாம், அதற்குத்தான். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் இறங்கத்தானே ஏறுகிறார்கள். இதைச் சொன்னதும் அக்கா போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒப்புதல் வந்துவிட்டது. இவர் புது மெத்தை வாங்கி வந்து, அதில் தானே படுத்துப் பார்த்து, தூங்கியும் விட்டார்.

மே 9, வெள்ளி

வந்துவிட்டாள். எட்டு வயசு. துணிப் பை ஒன்று, பெரியவர்களின் குடை ஒன்று. வணக்கம் இல்லை, அழுகை இல்லை. நேரே போய்க் குழாய்களைத் திறந்து மூடினாள். காஸ் அடுப்பின் குமிழ்களைத் தொட்டுப் பார்த்தாள். பின்கதவின் தாழ்ப்பாளை ஆட்டிவிட்டு, "இது லூஸா இருக்கு" என்றாள்.

இவர் உடனே ஸ்குரூ டிரைவரோடு வந்து, "சரிங்க மேஸ்திரி" என்று முறுக்கினார். அவள் பக்கத்தில் நின்று வேலை முடியும்வரை பார்த்தாள். பேர் நிலைத்துவிட்டது. அவளும் மறுக்கவில்லை.

என்னை என்ன சொல்லிக் கூப்பிடலாம் என்று கேட்டாள். உனக்கு எது வருதோ அது என்றேன். "டிரைவரம்மா" என்றாள். இவர் மாமா.

அதிகாரி என்னைத் தனியே அழைத்துச் சொன்னது: அம்மாவும் மகளும் மட்டும்தான். அம்மாவுக்கு லாண்டரியில் வேலை. முதுகில் ஆபரேஷன் ஆகி, வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. ஒரு மத்தியானம் எழுப்ப எழுப்ப எழுந்திருக்கவில்லை. மேஸ்திரிதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். அம்மா இப்போது மறுவாழ்வு மையத்தில். தேறி வந்ததும் பிள்ளை அவளிடம் போக வேண்டும் என்பதுதான் திட்டம்.

மே 18, ஞாயிறு

இன்னிக்கு என் அன்பு தீந்து போச்சு. சரியா சாயங்காலம்.

ஸ்டூல் போட்டு அடுப்பு முன்னாடி நிக்கறா. எண்ணெய் புகையுது. முட்டை பொரிக்கறாளாம் — எங்க மூணு பேருக்கும். ஓடிப்போய்க் கரண்டியப் பிடுங்கினேன். அவ்வளவுதான். தட்டு பறந்தது. "நான்தான் செய்வேன்! நீங்க யாரு? எங்கம்மாவுக்கு நான்தான் செய்வேன்!" — கத்தல் தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். நானும் கத்தினேன். ஆமா, நானும்தான். சூடு எண்ணெய் மேல விழுந்திருந்தா?

பிறகு பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். பிறகு அவள் அறை வாசலில் போய், "நான் கத்தினது தப்பு" என்றேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நன்றாகவே விழித்திருந்தாள்.

மே 19, திங்கள்

அதிகாரிக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கேட்டார்: "அந்த வீட்ட இத்தனை நாளா நடத்தினது யாரு?"

"அவதான்."

"நீங்க வந்து ஒரே நாள்ல வேலைய விட்டு நிறுத்தினா எப்படி இருக்கும்?"

புரிந்தது. பத்தாவது கியரில் ஓடுகிற வண்டியை — அப்படி ஒரு கியர் இல்லை, ஆனால் அவளுக்கு இருக்கிறது — ஒரேயடியாகப் பிரேக் போட்டு நிறுத்தினேன். உள்ளே இருந்தவள் விழுந்தாள். தப்பு ஓட்டுகிறவள் மேல்.

மாலையில் அவளிடம் சொன்னேன்: அடுப்பு என்னோடது. முட்டை உடைக்கிற வேலை உன்னோடது. யோசித்தாள். "ரொட்டி?" "ரொட்டியும் உன்னோடது." "சரி" என்றாள், ஒப்பந்தம் பேசி முடித்த மேஸ்திரி போலவே.

மே 27, செவ்வாய்

முட்டையில் ஓடு. மூன்று பேரும் பேசாமல் தின்றோம்.

ஜூன் 12, வியாழன்

விடிகாலை ஷிப்ட் முடிந்து வந்து மத்தியானம் சோபாவில் கண்ணயர்ந்தேன். மூக்குக்குக் கீழே ஏதோ குறுகுறுப்பு. கண்ணைத் திறந்தால் மேஸ்திரி. விரலை என் மூக்கடியில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பள்ளிக்கூடப் பை இன்னும் முதுகில்.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல. மூச்சு வருதான்னு பாத்தேன்."

இன்னிக்குத்தானா, தினமுமா? கேட்கவில்லை. "வருது" என்றேன். "ம்" என்றாள். பையைக் கழற்றினாள்.

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். இனி மத்தியானம் தூங்குவதானால் குறட்டை விட்டுத் தூங்க வேண்டும். இவருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் மூச்சு மூன்றாம் வீட்டுக்கே கேட்கும்.

ஜூன் 21, சனி

முதல் தடவையாக அம்மாவைப் பார்க்க அழைத்துப் போனோம். நான் மனசுக்குள் ஒரு பெண்ணைத் தயாராக வைத்திருந்தேன் — பொறுப்பில்லாதவள், நீலிக்கண்ணீர் விடுகிறவள். வந்தவள் மெலிந்த சின்னப் பெண். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

மேஸ்திரி அம்மாவைக் கட்டிப் பிடிக்கவில்லை. முதலில் சோதனை. கண்ணைப் பார்த்தாள், கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்த்தாள். அந்த அம்மா கையை நீட்டியபடியே அழுதாள். அதன் பிறகுதான் மேஸ்திரி மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

கிளம்பும்போது என்ன பேசுவது என்று தெரியவில்லை. "நல்லா இருக்கா, கவலைப்படாதீங்க" என்று சொன்னால் போதும். ஆனால் அது ஜெயித்தவள் தோற்றவளுக்குச் சொல்கிற மாதிரி இருக்குமோ? நிஜமாகவே எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டேன். "தலை வாரவே விடமாட்டேங்கறா. நீங்க எப்படி வாருவீங்க?"

முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "நுனியிலேர்ந்து ஆரம்பிக்கணும்க்கா. வாரும்போது ஏதாவது கணக்கு கேளுங்க. பதில் யோசிக்கறதுல வலி மறந்துடும்."

எனக்கு இரண்டு ஆண்கள் உள்ள வீட்டுச் சீப்புதான் பழக்கம். அவளுக்கு இந்தப் பிள்ளையின் ஒவ்வொரு முடியும் தெரிகிறது.

ஜூன் 22, ஞாயிறு

பதினேழும் ஒன்பதும்? இருபத்தாறு. சிக்கு எடுத்தாயிற்று.

ஜூலை 16, புதன்

இவர் ரொம்ப நாளாகச் சந்தேகப்பட்டார், அவள் டிவி முன்னால் போய் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து. இன்று கடைக்கு அழைத்துப் போய்ச் சோதித்தார். இது தெளிவா, அது தெளிவா. அவள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாளாம். இவர் காத்திருந்திருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து முதலில் என் முகத்தைத்தான் உற்றுப் பார்த்தாள்.

"டிரைவரம்மா, உங்களுக்கு மீசை இருக்கு!"

இவர் சமையலறைக்கு ஓடி ஒளிந்து சிரித்தார். சரி, பார்வை வந்துவிட்டது. சந்தோஷம்.

ஆகஸ்ட் 16, சனி

எப்படி எழுதறது.

அம்மாவைப் பார்க்கிற நாள். அம்மா வரவில்லை. குழந்தைகள் நல அலுவலகத்துச் சந்திப்பு அறையில் உட்கார்ந்திருந்தோம், ரொம்ப நேரம். அதிகாரி போனை எடுக்கவில்லை. மேஸ்திரி எழுந்து வெளியே நடந்தாள். நான் பின்னால் போனேன். அவள் வேகம் கூட்டினாள், நானும் கூட்டினேன். பிடித்து இழுக்கத் தோன்றியது. இழுக்கவில்லை. எட்டிப் பிடிக்கிற தூரத்திலேயே நடந்தேன். சிக்னல் வந்தபோது மட்டும் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

அம்மாவோடு இருந்த பழைய வீட்டுக்குத்தான் போனாள். பூட்டிக் கிடந்தது. கதவை அடித்தாள். பிறகு திரும்பி என்னைக் கேட்டாள்:

"செத்துட்டாங்களா?"

உன் அம்மாவுக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அக்காவாக இருந்தால் சொல்லியிருப்பாள். நானும் சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயம். கைக்கு வேலை கொடுத்தேன் — போனை எடுத்து அதிகாரிக்கு மறுபடி அடித்தேன். இம்முறை எடுத்தார். நடந்தது இதுதான்: நேற்று அந்தப் பெண் யாரிடமோ மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டாள். காலையில் தானாகவே போய் மையத்து டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். மகள் முன்னால் அப்படி வந்து நிற்கக் கூடாது என்று உள்ளேயே இருந்துவிட்டாளாம்.

"பேசச் சொல்லுங்க. இப்பவே" என்றேன்.

"அவங்க அழுதுட்டு இருக்காங்க, இந்த நிலைமைல —"

"அழுதாலும் பரவால்ல. குரல் கேட்டா போதும். இவளுக்கு உயிரோட இருக்காங்களான்னு தெரியணும்."

மையத்துக்கு இணைப்பு வாங்கிக் கொடுத்தார். போனை மேஸ்திரி காதில் வைத்தேன். அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ தெரியாது. இவள், "ம். ம். சாப்டியா? ம்" என்றாள். பிறகு அந்தக் கதவு வாசலிலேயே உட்கார்ந்து, வந்த நாளிலிருந்து அழாத அழுகை எல்லாம் அழுதாள். நான் தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகச் சாய்ந்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

உடம்பு வலிக்கிறது, நடந்ததற்கே. ஆனால் நான் சரியாகத்தான் செய்தேன். இதை எழுதி வைத்துக்கொள்கிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்தால் படிக்க.

செப்டம்பர் 25, வியாழன்

மத்தியானத் தூக்கம். கண் திறந்தபோது மேஸ்திரி தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மனுஷ மனசு!

அக்டோபர் 12, ஞாயிறு

அடுத்த வாரம் நீதிமன்றத்தில் விசாரணை. அம்மா மையத்திலிருந்து வெளியே வந்து, லாண்டரிக்குத் திரும்பி, இரண்டு அறை வீடு பார்த்துவிட்டாள். பிள்ளையைத் திருப்பிக் கேட்கிறாள். என்னையும் விசாரிப்பார்கள்.

ரொட்டி நறுக்கிக்கொண்டே இவர் சொன்னார்: "ஆகஸ்ட்ல நடந்தத மட்டும் அழுத்திச் சொன்னா, இன்னும் ஒரு வருஷம் நம்மகூட இருப்பா."

பொய் சொல்லச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொல்லச் சொல்கிறார். அதுதான் ஆபத்து. "அப்படிப் பேசாதீங்க" என்றேன். "உனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஆசை இல்லையா? இருக்கு. தலைக்கு மேல இருக்கு. பள்ளிக்கூடத்துல "உங்க பொண்ணா?"ன்னு கேட்டா நான் திருத்தறதில்ல இப்பல்லாம்.

பிறகு மாடிக்குப் போனேன். மேஸ்திரியின் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தெரியும்மா. சொல்லிப் பாத்தேன், அவ்வளவுதான்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

நீதிபதி வயதான பெண்மணி, காது கொஞ்சம் மந்தம். எல்லோரும் உரக்கப் பேச வேண்டியிருந்தது. எனக்குக் கஷ்டமில்லை.

ஆகஸ்டில் என்ன நடந்தது என்று கேட்டார். முழுசாகச் சொன்னேன். மாத்திரை விழுங்கியதைச் சொன்னேன். மறுநாள் காலை அவளே போய் ஒப்புக்கொண்டதையும் அதே குரலில் சொன்னேன். எதையும் தூக்கவில்லை, எதையும் இறக்கவில்லை.

"பிள்ளை உங்க வீட்ல எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காம்மா. சாப்பிடறா, படிக்கறா, எங்கள அதட்டறா."

"அப்ப அங்கயே இருக்கலாமே?"

அந்தப் பெண் எதிர் பெஞ்சில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நடுக்கம் யாருக்கும் தெரியக் கூடாதென்று.

"இருக்கலாம். ஆனா சாயங்காலம் அம்மா போன் வந்தாத்தான் அவ தட்டுல கை வெக்கறா. அந்த அம்மாவும் அவளுக்காகத்தான் எழுந்து நிக்கறாங்க. அவங்களுக்குத் துணைக்கு ஆள் வேணும். அதுக்கு நாங்க இருக்கோம். பிள்ளைய அனுப்பிட்டுக் கதவச் சாத்திக்க மாட்டோம்."

இவர் பின்வரிசையில் மூக்கைச் சிந்தினார், நீதிபதிக்கே கேட்கும்படி.

உத்தரவாகிவிட்டது. மெல்ல மெல்ல — முதலில் சனி ஞாயிறு, பிறகு முழுசாக.

வெளியே வந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்றாள். நானும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 15, சனி

போய்விட்டாள். டாக்ஸியில் ஏறுமுன் இவரிடம், "மாமா, குளியலறைக் குழாய் சொட்டுது, பாருங்க" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள், கண்ணாடி என் கழுத்தெலும்பில் குத்தியது. வலித்தது. விடவில்லை.

நவம்பர் 17, திங்கள்

பள்ளிக்கூட நிறுத்தத்தில் நிறுத்தாமல் ஓட்டிவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மணி அடித்தார்கள். மன்னிப்புக் கேட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

அக்கா வந்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

அதிகாரி போன். அண்ணன் தம்பி இருவர், சின்னஞ்சிறுசுகள். ஜனவரிக்குப் பிறகு என்றால் சரி என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "யோசிச்சாச்சு" என்றேன். முதல் வகுப்பில் இருந்த தைரியம் இல்லை இது. அதைவிட நல்ல சரக்கு.

ஜனவரி 4, ஞாயிறு

மேஸ்திரி போனில் உத்தரவு போட்டிருந்தாள்: ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவேண்டும், ரெண்டு பேரும். போனோம்.

வாசலுக்கே வந்து அழைத்துப் போனாள். "இது எங்க ஹால், இது எங்க ரூம், இது எங்க ஜன்னல், இதுல பாத்தா ரயில் தெரியும்." இவர் ஜன்னலோர நாற்காலியில் உட்காரப் போனார். "மாமா, அங்க வேணாம், அது அம்மா இடம். நீங்க விருந்தாளி, இங்க உக்காருங்க." நல்ல நாற்காலியைக் காட்டினாள். எங்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தாள். விருந்தாளிகளுக்குக் கொடுப்பது போல, தட்டில் வைத்து.

அவள் அம்மா சமைத்திருந்தாள். முகத்தில் சதை போட்டிருக்கிறது. சாப்பிட்டபின் நாங்கள் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தோம் — லாண்டரியில் புது மேலாளர், இவர் கடையில் ஒரு கிறுக்கு வாடிக்கையாளர், எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பையன்கள். மேஸ்திரி அம்மா மடியில் தலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு சத்தமாகத்தான் இருந்தது. இவர் கதை சொன்னால் கைத்தட்டல் கூடச் சேர்ந்து வரும். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், வாய் திறந்தபடி தூங்கிவிட்டாள்.

சாயங்கால வெளிச்சம் போவதற்குள் கிளம்பினோம்.

"எழுப்பட்டுமாக்கா? சொல்லாமப் போனா கோச்சுக்குவா" என்றாள் அவள் அம்மா.

"வேண்டாம்மா. தூங்கட்டும்" என்றேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தோம்.